உறங்கும் உயிரும் காக்கும் உயிரும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து இம்மாத்தளை மலைநாட்டுக்கு வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேரை வாந்திபேதியும் வைசூரியும் வழியிலேயே பலிகொண்டன. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, மாரியம்மனை வேண்டுவதன்றி அன்று வேறு புகலிடம் இல்லை. அந்த வைசூரி உலகைவிட்டே ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் அம்மைப்பால் குத்தும் முறையை 1796இலேயே கண்டார். பின் ஏன் இத்தனை காலம் சென்றது? காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று வெயில். அம்மைப்பாலில் இருப்பது உயிருள்ள நுண்கிருமி. வெப்ப நாடுகளில் அது சில நாட்களிலேயே வீரியம் இழந்துவிடும். வீரியமற்ற மருந்தைக் குத்திப் பயன் என்ன?

1950களில் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் லெஸ்லி கொலியர் என்பார், அம்மருந்தை உறையவைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை அகற்றித் தூளாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அத்தூள் 37 பாகை வெப்பத்திலும் ஒரு மாதத்துக்கு மேல் கெடாதிருந்தது. குளிர்ப்பெட்டி காணாத கிராமங்களுக்கும் மருந்து உயிரோடு போய்ச் சேர்ந்தது.

இந்த நுட்பம் நம் கமக்காரர் அறியாததன்று. ஈர நெல்லைக் கட்டி வைத்தால் அழுகும். பதமாகக் காயவைத்த விதைநெல்லோ அடுத்த போகம்வரை உறங்கிக் கிடந்து, நீர் பட்டதும் முளைக்கும்.

அன்பர்களே! உங்கள் இடது புயத்தைப் பாருங்கள். அங்குள்ள சிறு தழும்பு பீ.சீ.ஜீ. தடுப்பூசியின் அடையாளம். பிரான்சியரான கல்மெத், கெரன் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையை நீக்கினர். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது. சென்னைக் கிண்டியில் 1948இல் இதற்கென ஓர் ஆய்வுகூடம் எழுந்தது. இதுவும் இன்று உலர்த்திய தூளாகவே வருகிறது. நம் நாட்டில் பிள்ளை பிறந்து வைத்தியசாலையை விட்டு வருமுன்னரே இது போடப்படுகிறது.

ஆயினும் இத்தடுப்பூசிக்கு எல்லையுண்டு. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து காக்கும்; பெரியவர்களின் நுரையீரலை அவ்வளவாகக் காப்பதில்லை. காற்றோட்டமற்ற ஒரே லயக் காம்பராவில் ஐந்தாறு பேர் நெருங்கிப் படுக்கும் நம்மவர்க்கு இது சிறிய விஷயமா?

ஆகவே விஞ்ஞானிகள் இன்று அக்கிருமியின் மரபணுவையே திருத்துகிறார்கள். பேர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் அதிலிருந்து ஒரு மரபணுவை நீக்கி, லிஸ்டீரியா என்னும் வேறொரு கிருமியின் மரபணுவைச் சேர்த்தனர். நம் உடலின் காவற் கலங்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அக்காவல் நன்கு அடையாளங் காணவேண்டும் என்பதே நோக்கம். இத்தடுப்பூசியைப் புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரிக்க, காசநோயாளருடன் ஒரே வீட்டில் வாழ்வோரிடையே 2019இல் இந்தியாவில் பெரும் பரீட்சை தொடங்கிற்று.

பரீட்சை என்று கேட்டதும் சிலர் அஞ்சுவர். அந்த அச்சத்துக்கும் நியாயமுண்டு. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், கொடிய காசக் கிருமி கலந்துவிட்ட மருந்தினால் 70க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மாண்டன. தவறு பீ.சீ.ஜீ. கிருமியுடையதன்று; அதனைக் கையாண்ட ஆய்வுகூடத்தின் கவனக்குறைவே. உயிரைத் திருத்தும் கைக்கு அறிவு மட்டும் போதாது. பயபக்தியும் பொறுப்பும் வேண்டும். படைப்பெல்லாம் இறைவன் உறைவிடம் என்று நம்பும் நமக்கு இதைப் பிறர் சொல்லவேண்டியதில்லை.

பெரியோர்களே! கம்மடுவையிலும் இறத்தோட்டையிலும் விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வாலிபர்களே! இருமல் இரண்டு வாரம் நீடித்தால் வெட்கப்படாமல் பரிசோதனைக்குப் போகும்படி அயலாருக்குச் சொல்லுங்கள், துணைக்கும் செல்லுங்கள். விதைநெல் எவ்வளவு நன்றாயினும், அதைச் சுமந்து சென்று விதைக்க ஒரு கை வேண்டுமல்லவா? அந்தக் கை நம் சங்கத்தின் கையாக இருக்கட்டும்.