கணக்கு கேட்போம்

(உத்திரமேரூர் அருகே ஒரு கிராமத்தில், இரவுப் பாடசாலை மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வங்கி ஊழியர் இல்லை. வங்கியில் ஏமாந்தவள். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

2018இல் கல்லூரியில் சேர்ந்தபோது உதவித்தொகைக்காக ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கினேன். கைகாட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என்ன வகைக் கணக்கு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியாது. ஒன்றரை வருடம் கழித்துப் பாஸ்புக் பதிந்து பார்த்தால், 236 ரூபாய், 236 ரூபாய் என்று நான்கு இடத்தில் கழித்திருக்கிறார்கள். "மினிமம் பேலன்ஸ் வைக்கலையேம்மா" என்றார் கவுன்டரில் இருந்தவர். வெளியே வந்ததும் அம்மா என்னைத்தான் திட்டினார்: "படிச்ச புள்ள, இதைக்கூடப் பாக்கலையா?" அப்போது நூறு நாள் வேலையில் நாலைந்து நாள் மண் வெட்டினால் கிடைத்த பணம் அது.

என் ஒருத்தியின் கதை என்றால் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். 2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பணம் ஏறிய சில நாளிலேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதில் பிடித்துக்கொண்டதாகப் புகார்கள் குவிந்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. பணம் இல்லாதவரிடம், பணம் இல்லை என்பதற்காகவே பணம் பிடுங்குவது. இதற்குப் பெயர் சேவைக் கட்டணமாம்!

நம்மூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள். கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் போட்டியிட முடியாது என்று அதில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் போட்டியிட யாருக்குத் தகுதி? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ளவருக்கு. அந்தக் குடத்தில் நம் பாட்டன் பெயர் விழவில்லை, பாட்டி பெயர் நினைப்பிலேயே இல்லை. கணக்குக் கேட்கும் உரிமை நிலம் வைத்திருந்தவனிடம் இருந்தது. கூலியை நெல்லாக அளந்து வாங்கிய படியாளுக்கு, எத்தனை படி கடன் என்பதைக்கூட ஆண்டைதான் சொன்னார்.

அதனால்தான் சொல்கிறேன், பாஸ்புக் நமக்குச் சின்ன விஷயம் இல்லை. நம் பெயரில் நமக்கென்று எழுதப்பட்ட கணக்கு அது. அதை நாமே படிக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது: "இது என்ன வகைக் கணக்கு?" சாதாரண சேமிப்புக் கணக்கில் வங்கியைப் பொறுத்துக் குறைந்தபட்ச இருப்பு கேட்பார்கள். ஸ்டேட் வங்கி 2020இலும், கனரா வங்கி, இந்தியன் வங்கி 2025இலும் அந்த அபராதத்தைக் கைவிட்டன. பல தனியார் வங்கிகளில் இன்னும் உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஜன் தன் கணக்கும் அந்த வகைதான். ஒரு ரூபாய்கூட வைக்கத் தேவையில்லை, ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. மாதம் குறைந்தது 4 முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள கணக்கையும் எழுதிக் கொடுத்து இதற்கு மாற்றலாம். நான் அப்படித்தான் மாற்றினேன். ஒரு தாளில் நாலு வரி, அவ்வளவுதான்.

இருப்பு குறைந்தால் முதலில் தகவல் தந்து, ஒரு மாதமாவது அவகாசம் கொடுத்த பிறகே அபராதம் போடலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கியிலேயே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448இல் கேட்டால் வழி சொல்வார்கள்.

அடுத்து, சேமிப்பு. அன்றாடச் செலவுக்கான பணம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அங்கே வட்டி சொற்பம். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்க முடிந்தால் தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். 500 ரூபாய் வீதம் 5 ஆண்டு கட்டினால் நாம் போட்டது 30,000, 6.7 சதவீத வட்டியில் கைக்கு வருவது 35,600க்கு மேல். மொத்தமாக ஒரு தொகை வந்தால் நிரந்தர வைப்பு, எஃப்.டி. நடுவில் உடைத்தால் வட்டி குறையும். எல்லாவற்றிலும் வாரிசு நியமனம் செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கி திவாலானால்? ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அஞ்சலகப் பணத்துக்கு ஒன்றிய அரசே பொறுப்பு. ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதம் 25, 30 சதவீத வட்டி என்று ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவனத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக 2022 முதல் வழக்கு நடக்கிறது. ஆரணி, காஞ்சிபுரம் பக்கத்துக் குடும்பங்களும் அதில் பணம் போட்டன. பேராசை என்று அவர்களைத் திட்டாதீர்கள். வங்கி வாசலில் மரியாதை கிடைக்காதவரை, "வாங்கக்கா, உக்காருங்க" என்று அழைப்பவனிடம்தான் மனம் போகும். ஆனால் வங்கி ஒரு வருடத்துக்குக் கொடுப்பதைப்போல நான்கு மடங்கை ஒரே மாதத்தில் தருகிறேன் என்பவனிடம், "எங்கிருந்து தருவாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல மாட்டான்.

கடைசியாக ஒன்று. சேமிக்காததால்தான் நீங்கள் ஏழை என்று யாராவது பாடம் எடுத்தால் நம்பாதீர்கள். நிலத்தையும் கூலியையும் பறித்த கணக்கை ஆர்.டி. நேர் செய்யாது. அதற்குப் போராட்டம்தான். ஆனால் வந்த கூலியில் ஒரு ரூபாயும் நமக்குத் தெரியாமல் போகக் கூடாது. பணமும் வங்கியும் நமக்குப் புரியாது என்பவர்களுக்கு, 1923இலேயே ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து நூல் எழுதிய அண்ணல் அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார்.

நாளைக்கு ஒரு வேலை தருகிறேன். பிள்ளைகள் அம்மாவின் பாஸ்புக்கைப் பதிந்து வாருங்கள். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எந்த வரி புரியவில்லையோ, மறுநாள் அம்மாவும் நீங்களுமாகப் போய்க் கவுன்டரில் கேளுங்கள்.