மணிக்கயிறும் வரிப் பட்டியலும்



நாங்கள் இன்று எங்கள் ஊர்க் கோயில் மணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழரும் கோயில்பிள்ளை வீட்டில் பிறந்தவர்தான். கோயிலைக் கூட்டுவது, விளக்கேற்றுவது, மணியடிப்பது ஆகியவை கோயில்பிள்ளையின் வேலை. எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தது எங்கள் தெரு.

காலை 6, நண்பகல் 12, மாலை 6 என மூவேளையும் மணியடிக்க வேண்டும். பெரிய வியாழன் இரவில் வானவர் கீதம் முடிந்ததும் மணி ஓய்ந்துவிடும். பாஸ்கா இரவு வரை மரத்தட்டைதான்.

மணியைப் பராமரிப்பது லேசான வேலை இல்லை. கோயில் மணி என்பது சுமார் நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். ஓசை நீண்டு ஒலிப்பதற்காக வெள்ளீயத்தைக் கூட்டுகிறார்கள். அதனாலேயே மணி எளிதில் விரிசலும் விடும். விரிசல் விட்டால் சாதாரண வெல்டிங் உதவாது. நாக்கு மணியைவிட மென்மையான இரும்பில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் அடித்துத் தேய்ந்தால் மணியைக் கால்வட்டம் திருப்பி மாட்ட வேண்டும். வௌவால் எச்சத்தைத் துடைக்க வேண்டும், அச்சுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். நாக்கு சரியாக விழவில்லை என்பதை எங்கள் தாத்தாக்கள் கீழே நின்று காதாலேயே கண்டுபிடித்தார்கள்.

மணியின்மேல் வார்த்த ஆண்டையும் கொடுத்தவர் பெயரையும் பொறிப்பது வழக்கம். எண்ணெய் பூசி, மந்திரித்து, மணிக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். கயிறு இழுத்தவர் பெயரை எங்கும் பொறிப்பதில்லை.

எங்கள் ஊரில் மேலத்தெருவில் சாவு என்றால் நடு இரவிலும் கோயில்பிள்ளையை எழுப்பித் துக்க மணி அடிக்கச் சொல்வார்கள். அவருடைய தாயார் இறந்தபோது அந்தக் கயிற்றைத் தொடவிடவில்லை. "உங்களுக்குத்தான் பறை இருக்கே" என்றார்கள். நாங்கள் அதை மறக்கவில்லை.

பிறகு மணி தொங்கிய கட்டை உளுத்துப்போனது. மாற்றுவதற்குத் தலைக்கட்டு வரி போட்டார்கள். எங்கள் தெருவும் பணம் திரட்டிக்கொண்டு போனது. வாங்க மறுத்துவிட்டார்கள். ஏழைகள் என்ற இரக்கத்தால் மறுக்கவில்லை. வரி வாங்கினால் மணியில் பங்கு வந்துவிடும், திருவிழாவில் உரிமை வந்துவிடும். தீண்டாமை பணத்தைத் தொட மறுக்கும் இடம் இதுதான். உழைப்பை மட்டும் அது ஒருநாளும் மறுத்ததில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு இரண்டு கூடங்கள் வைத்துக் கோயில் கட்டினார்கள். உயர்சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். 1910இல் இடைச்சுவரை இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடியபோது, 2008 மார்ச்சில் கலவரமும் துப்பாக்கிச்சூடும் நடந்து இரண்டு உயிர்கள் போயின. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவர் என்பதால் நம்மைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. பறையர் என்பதால் கோயில் வரிப் பட்டியலிலும் எங்களைச் சேர்க்கவில்லை. இரண்டு பட்டியலுக்கும் வெளியே நின்றுகொண்டுதான் எங்கள் தாத்தாக்கள் மணியடித்தார்கள்.

இப்போது பல கோயில்களில் மோட்டார் வந்துவிட்டது, ஒலிநாடா மணி வந்துவிட்டது. கயிறு போவதில் எங்களுக்கு வருத்தமில்லை. அதைப் பிடித்த கைகளின் வரலாறும் கூடவே போய்விடக்கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்குப் போனதும் மணிக்கூண்டில் ஏறிப் பாருங்கள். பொறித்த ஆண்டையும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கி, உயிரோடிருக்கும் கோயில்பிள்ளையிடம் உட்கார்ந்து கேளுங்கள்: யாருக்கு அடித்தீர்கள், யாருக்கு அடிக்கவிடவில்லை, பழுது பார்க்க யாரிடம் வாங்கினார்கள், யாரிடம் வாங்கவில்லை? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பங்குப் பேரவைகளிடம் நாம் கேட்பது இரண்டுதான். எங்கள் வரியை வாங்குங்கள். எங்கள் சாவுக்கும் அந்த மணியை அடியுங்கள்.