மூடி மல்லாக்க விழ வேண்டும்



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசிய ஐயா குறிஞ்சித் திணையை முக்கால் மணி நேரம் அலசினார். அடுத்ததாக, நாளை நம் ஏற்காட்டில் பிள்ளைகளுக்கு நடக்கும் மூடி ஆட்டப் போட்டியில் ஜெயிப்பது எப்படி என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குறிஞ்சிக்கும் மூடிக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். இரண்டும் மலையில்தான் நடக்கின்றன, அவ்வளவுதான்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு ஐந்து வட்ட அட்டைகள் போடுகிறோம். படம் தெரியாதபடி குப்புற அடுக்குகிறோம். கனமான ஒரு வில்லையால், ஸ்லாமர் என்பார்கள், அடுக்கின் மேல் ஓங்கி அடிக்கிறோம். மல்லாக்க விழுந்தவை அடித்தவருக்கு. குப்புறக் கிடப்பவற்றை வழக்கமாக மறுபடி அடுக்கி எதிராளி அடிக்கிறார். பத்தில் ஆறு யார் கைக்கு வருகிறதோ அவர் ஜெயித்தார்.

இது ஹவாய்த் தீவுகளில் பால் புட்டியின் அட்டை மூடியை வைத்து ஆடியது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு உழைக்க வந்த ஜப்பானியர்களோடு வந்த மென்கோ என்ற அட்டை ஆட்டம்தான் இதற்கு மூத்தது என்பார்கள். பிறகு புட்டி போனது, ஆட்டமும் மறந்தது. 1991-இல் ஓவாஹு தீவில் வையலுவா பள்ளி ஆசிரியை பிளாஸம் கால்பிசோ தன் மாணவர்களுக்கு இதை மறுபடி கற்றுக் கொடுத்தார். கணக்கும் வரும், யார் மூக்கும் உடையாது என்பது அவர் எண்ணம். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கா முழுக்கப் பைத்தியமாகப் பரவி, அதே வேகத்தில் அடங்கியும் போனது. அப்போது ஆட்டத்துக்கு 'போக்' என்று பெயர் வந்ததற்குக் காரணம், மாவி தீவின் ஹலெயாகலா பால் பண்ணை 1971 முதல் விற்ற ஒரு பழச்சாறு. பேஷன் பழம், ஆரஞ்சு, கொய்யா, இந்த மூன்றின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகள்தான் அதன் பெயர். இதில் ஆரஞ்சும் கொய்யாவும் நம் சேர்வராயன் மலையில் விளைவதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே பேருந்து நிலையத்துக்குப் போனால் கூடையோடு நிற்கிறார்கள்.

அந்நிய ஆட்டம் நமக்கு எதற்கு என்று ஒருவர் வாசலிலேயே என்னிடம் கேட்டார். ஐயா, காபியே இந்த மலைக்கு அந்நியம்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டு வந்தது. காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். அதில் நம் மிளகுக் கொடி ஏறிக்கொள்ளவில்லையா?

தவிர, இந்த ஆட்டத்தை நாம் ஏற்கெனவே ஆடியிருக்கிறோம், பெயர்தான் வேறு. என் அப்பா தலைமுறை தீப்பெட்டிப் படத்தை வைத்து ஆடியது. நாங்கள் 2000-களில் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வந்த டாசோவை வைத்து ஆடினோம். சிப்ஸைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வில்லையை எடுத்துக்கொண்ட தியாகிகள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்கள் பிள்ளைகள் 2021-இல் 'ஸ்குவிட் கேம்' தொடரைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துத் தரையில் அறைந்தார்களே, அந்தக் கொரிய டக்ஜியும் இதே குடும்பம்.

சரி, ஜெயிக்கிற வழிக்கு வருகிறேன்.

கை பலத்தால் ஜெயிக்கலாம் என்று நினைக்கும் பிள்ளை முதல் சுற்றிலேயே வெளியே போகும். இந்த ஆட்டத்தில் பாதி, கையை ஓங்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. எங்கே? பேச்சில். விழுந்த மூடிகளைத் திரும்ப அடுக்குவதா, கிடந்த இடத்திலேயே அடிப்பதா? இதை முதலில் பேசி முடியுங்கள். அடுக்குவது என்றால் நீங்கள் தைரியமாக அடிக்கலாம். தவறினாலும் நட்டம் இல்லை. கிடந்த இடத்தில் அடிப்பது என்றால் கதையே வேறு. நீங்கள் சிதறடித்த மூடி ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கும், எதிராளி லேசாகத் தட்டினாலே புரண்டுவிடும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் பலமாக அடிப்பவன் எதிராளிக்குச் சமைத்துப் போடுகிறான். சாய்ந்து நிற்கும் மூடி யாருக்கு என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பேசாமல் ஆடி, நடுவில் தகராறு வந்து, 'அழுகுணி ஆட்டம்' என்று கத்திக்கொண்டு வீட்டுக்குப் போன மாலைகள் எனக்கு நிறைய உண்டு.

அடுத்தது மூடி. நம் பால் கவரில் வருகிறது, மூடிக்கு எங்கே போவது? பழைய கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். நல்ல தடித்த அட்டை. நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான வட்டமாக வெட்டுங்கள். ஹவாய் மூடியும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனால் ஏற்காட்டில் ஒரு சிக்கல். பகோடா முனையில் மதியம் மூன்று மணிக்கு மூடுபனி ஏறினால் அட்டை ஈரம் குடித்துவிடும். ஈர அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எகிறாது. வெயிலில் காய வைத்தால் அப்பளம் போல வளையும். வளைந்த மூடி, ஓரம் தூக்கிக் குப்புறக் கிடந்தால், அடியில் காற்று நுழைந்து சுலபமாகப் புரளும். இதைத் தெரிந்தே வளைத்துக்கொண்டு வரும் கில்லாடிகள் உண்டு. ஆகவே எதிராளியின் மூடிகளை விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் மூடிகளை முதல் நாள் இரவே ஒரு தடித்த அகராதிக்குள் வைத்துவிடுங்கள். நூலகத்து அகராதியை இப்படியாவது நாலு பேர் திறந்தால் நூலகருக்கும் மகிழ்ச்சி.

ஸ்லாமருக்குக் கடைகடையாக அலைய வேண்டாம். கேரம் ஸ்ட்ரைக்கர் போதும். கேரம் விதிப்படி அதன் குறுக்களவு 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. மூடியின் மேல் அளவெடுத்த மாதிரி உட்காரும். கேரம் வீரர் மரிய இருதயத்துக்கு அர்ஜுனா விருதும், கேரம் வீராங்கனை காசிமாவுக்கு 2024-இல் உலகப் போட்டியில் மூன்று தங்கமும் வாங்கித் தந்த வில்லை, நமக்கு ஆறு அட்டையை வாங்கித் தராதா? ஒரே ஒரு எச்சரிக்கை. காபி காயப் போடும் சிமெண்ட் களம் கோடையில் காலியாகக் கிடக்கும், ஆட நல்ல இடம். ஆனால் வெறும் சிமெண்டில் அடித்தால் ஸ்ட்ரைக்கரின் ஓரம் பெயர்ந்துவிடும். என் அப்பாவின் ஸ்ட்ரைக்கரை அப்படித்தான் பெயர்த்தேன். அன்று மல்லாக்க விழுந்தது மூடி இல்லை. அதனால் களத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள். பலகை ஆடாமல் இருக்க வேண்டும். ஆடினால் உங்கள் அடியின் வேகத்தை அதுவே விழுங்கிவிடும். கம்பளமும் ஜமக்காளமும் கூடவே கூடாது.

இனி கை. கட்டைவிரல் ஒரு பக்கம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மறுபக்கம், வில்லையைத் தட்டையாகப் பிடியுங்கள். தோளிலிருந்து வீச வேண்டாம், மணிக்கட்டைச் சொடுக்கினால் போதும். அடுக்கு உயரமாக இருக்கும்போது நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஆனால் வில்லை தட்டையாகவே விழும்படி அடியுங்கள். சரியாக நடுவில் விழுந்தால் அடுக்கு அமுங்கி அப்படியே எழும்பி அப்படியே படுக்கும். கொஞ்சம் தள்ளி விழுந்தால் ஒரு பக்கம் அமுங்க மறுபக்கம் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் மூடி புரள்கிறது. மிச்சம் இரண்டு மூன்று இருக்கும்போது பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வில்லையைச் சற்றே சாய்த்து, மூடியின் விளிம்பை மட்டும் தொடுங்கள். கடைசி ஒற்றை மூடிக்கு ஆத்திரத்தோடு ஓங்குபவர் பலகையைத்தான் அடிப்பார்.

முதல் அடி யாருக்கு என்பதற்கு மட்டும் உத்தி கிடையாது. முழு அடுக்கும் முதல் ஆளுக்கே கிடைப்பதால் அவருக்கு ஆதாயம் அதிகம். நாணயம் சுண்டுங்கள், அடுத்த ஆட்டத்தில் வரிசையை மாற்றுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பல பள்ளிகள் இந்த ஆட்டத்தைத் தடை செய்தன. ஜெயித்த மூடியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் சூதாட்டமாகிவிட்டது என்று குற்றம் சாட்டினார்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்பேன். நான் படித்த பள்ளியில் ஒரு ஆசிரியர் என்னிடமிருந்து நாற்பத்திரண்டு டாசோக்களைப் பிடுங்கினார், அன்று அழுதேன். ஆனால் அந்த நாற்பத்திரண்டில் முப்பது, நான் சின்னப் பையன்களிடமிருந்து ஜெயித்தவை. அவர்களும் அழுதிருப்பார்கள்.

அதனால் நாளைய போட்டியில் மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் ஆட்டம். ஒவ்வொரு மூடியின் பின்பக்கமும் அவரவர் பெயரின் முதல் எழுத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்ததும் யாருடையதோ அவரிடமே போய்ச் சேர வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் வருபவர்களை உத்தி பிரிப்பதில் சேர்க்க மாட்டோம். ஸ்ட்ரைக்கரை வீட்டில் கேட்டுவிட்டு எடுத்து வாருங்கள்.