தேனீப் பெட்டியும் கரடியும்



ஹெப்பகோடியில் கரடி இல்லை. ஓசூர் சாலையில் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஓடுகிற ஊரில் கரடிக்கு என்ன வேலை? ஆனால் மேற்கே ஜிகணியைத் தாண்டிப் போனால் பன்னேர்கட்டா காடு வந்துவிடும். 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. யானை, சிறுத்தை, கரடி எல்லாம் அங்கே உண்டு. அதற்குத் தெற்கே தமிழ்நாட்டுப் பக்கம் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகள். ஹெப்பகோடிக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் சிலருக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். தேன்கனிக்கோட்டை! ஊர்ப் பெயரிலேயே தேன் இருக்கிறது.

காட்டோரத்து ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் தேனீப் பெட்டி வைக்கலாம். அதற்குத் தனியாக நிலம் வேண்டாம். மாட்டுக்குப் போல தினமும் தீவனம் வேண்டாம். பெட்டியில் வளர்ப்பது அடுக்குத் தேனீ. நம் நாட்டுத் தேனீ அது. அதற்கு ஏற்ற சின்னப் பெட்டியை 1910-களில் திருச்சிப் பக்கம் நியூட்டன் என்ற பாதிரியார் செய்து காட்டினார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். அது எறும்புக்குத் தடை. கரடிக்கு அது தடை ஆகுமா?

கரடியின் மூக்கு மிகவும் கூர்மையானது. அதன் முக்கிய உணவு கரையானும் எறும்பும். மேல் வரிசையில் நடுப்பல் இரண்டும் அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சி எடுக்கும். புற்றை உடைக்க நீண்ட நகம் இருக்கிறது. புற்றையே உடைக்கிற நகத்துக்குப் பலகைப் பெட்டி எம்மாத்திரம்? தேனோடு அடையில் இருக்கும் புழுவையும் சேர்த்துத் தின்னும். தேனீ கொட்டினாலும் விடாது. ஒரு தடவை ருசி கண்டால் மறுநாளும் வரும்.

இரவில் பெட்டி விழும் சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரர் தடியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். இதைத்தான் செய்யவே கூடாது. கரடிக்குக் கண் பார்வை குறைவு. தின்னும் கவனத்தில் ஆள் வருவது அதற்குத் தெரியாது. பக்கத்தில் வந்த பிறகு திடீரென்று பார்த்தால் பயந்து பாயும். முகத்தையும் தலையையும் கிழித்துவிடும். கண் போனவர்கள் உண்டு. உயிர் போனவர்களும் உண்டு. தாய்க் கரடி முதுகில் குட்டியைச் சுமந்துகொண்டு வரும். அப்போது இன்னும் ஆபத்து. பெட்டி போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தபடி தகரத்தைத் தட்டுங்கள். விளக்கைப் போடுங்கள். கர்நாடகத்தில் வனத்துறை எண் 1926. அதற்குப் போன் செய்யுங்கள்.

வெளியில் கரடி பாய்ந்தே விட்டால் ஓடித் தப்ப முடியாது. குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பின்கழுத்தை மூடிக்கொள்ள வேண்டும். அது போகும் வரை அசையக் கூடாது. காயம் பட்டவரை உடனே 108 வண்டியில் ஏற்றுங்கள்.

கோபத்தில் சிலர் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுகிறார்கள். இது கொலைக்குச் சமம். விடிகாலையில் அந்த வழியே போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதில் சாகும், மாடும் சாகும். கரடியைக் கொன்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. விஷம் வைத்தாலும் அதே குற்றம்தான்.

சூரிய மின்வேலி வேறு. அதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. நொடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கும் நேரம்கூட இல்லாமல், சுளீர் என்று அடித்து நிற்கும். உயிர் போகாது. ஆனால் மூக்கில் பட்ட கரடி திரும்பிப் பார்க்காது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தேனீ வளர்ப்பவர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். அடிக் கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். அதற்குமேல் போனால் கரடி அடியில் நுழைந்துவிடும். கம்பியில் புல் தொட்டால் வேலி வேலை செய்யாது. புல்லை அடிக்கடி வெட்ட வேண்டும். வனத்துறையைக் கேட்ட பிறகே வேலி போடுங்கள். நாலைந்து வீட்டார் பெட்டிகளை ஓர் இடத்தில் வைத்தால் ஒரே வேலி போதும். செலவும் பங்காகும்.

வேலிக்குப் பணம் இல்லையா? இமயமலைப் பக்கம் இமாசலப் பிரதேசத்தில் வீட்டுச் சுவரிலேயே பொந்து விட்டுத் தேனீ வளர்ப்பார்கள். தேனீ வெளிப்பக்கமாகப் போய் வரும். தேனை வீட்டுக்குள் இருந்து எடுப்பார்கள். ஸ்பெயின் நாட்டு மலைகளில் பெட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலே கல்சுவர் எழுப்பினார்கள். சுவர் உச்சியில் கல்லை வெளியே நீட்டி வைத்தார்கள். கரடி ஏறினாலும் தாண்ட முடியாது. அதனால் பெட்டி இருக்க வேண்டிய இடம் கொல்லைக் கோடியும் புதர் ஓரமும் அல்ல. வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கட்டும். பிழிந்த அடையை அங்கேயே போடாதீர்கள். அந்த மணம்தான் கரடியைக் கூப்பிடுகிறது.

பெட்டியை இடம் மாற்றுவதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரே நாளில் நூறு அடி தள்ளி வைத்தால் தேனீ பழைய இடத்துக்கே போய்த் தவிக்கும். நாளுக்கு இரண்டு அடி, மூன்று அடி என்று நகர்த்துங்கள்.

கரடி உடைத்துவிட்டால் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, முகவலை போட்டுக்கொண்டு போங்கள். துணைக்கு ஆள் வேண்டும். புழு இருக்கிற அடைகளைப் பொறுக்கிச் சட்டத்தில் வாழைநாரால் கட்டுங்கள். ராணித் தேனீ பிழைத்திருந்தால் மற்றவை அதைச் சுற்றிக் கூடும். சர்க்கரைப் பாகு வையுங்கள். அன்று இருட்டும் நேரத்தில் தேனீக்கள் உள்ளே அடைந்ததும், காற்றுப் போகிற மாதிரி வாசலை வலையால் மூடி, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். அவ்வளவு தூரம் போனால் பழைய இடத்துக்குத் திரும்பாது. மூன்று வாரம் அங்கே இருக்கட்டும். அதற்குள் வேலி போட்டுவிடலாம்.