அழைப்பும் வழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

பலர் கூடிச் செய்யும் பணிகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுவதுண்டு: "கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, வராதது அவரவர் குறை." இது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. திறந்த கதவுவரை வந்துசேர வழியில்லாதவர் உளர். புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கற்க வந்தோருள் பெண்களே மிகுதி. வயற்கூலியாகவும் கல் குவாரிகளிலும் உழைத்தவர்கள். அவர்களும், கற்பிக்க முன்வந்த பெண் தொண்டர்களும் ஊர்விட்டு ஊர் செல்ல வீட்டு ஆண்களையோ எப்போதோ வரும் பேருந்தையோ நம்பியிருக்க வேண்டியிருந்தது. இயக்கத்தார் மிதிவண்டிப் பயிற்சியை எழுத்தறிவுப் பணியின் பகுதியாகவே ஆக்கினர். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடாயிற்று. பயிற்சிக்கெனப் பாட்டும் பிறந்தது. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களின் வண்டியிலேயே ஏறினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதையே விரும்பினோரும் உண்டு. தெருவில் எழுந்த ஏளனத்தைப் பொருட்படுத்தாது ஓட்டினர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் பிறரை எதிர்பார்த்து நின்ற காலம் அவர்களுக்கு மாறிற்று.

இங்கே கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, வராதவரைக் குறைகூறாமல், வரவொட்டாமல் தடுப்பது எது என்று தேடியது. மற்றொன்று, அத்தடையை நீக்கும் சுமையைத் தனியொருத்தியின் தலையில் ஏற்றாமல் பொதுப்பணியின் கடமையாகக் கொண்டது. சமத்துவம் என்பது அழைப்பிதழில் தொடங்கலாம். வழி அமைத்த பின்னரே நிறைவுறும்.

இலக்கிய வட்டமும் கூட்டுப் பணியே. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் என்று குறிக்கும்போது, அந்நேரம் அடுப்படியில் நிற்கும் கவிஞர் எண்ணப்பட்டாரா? கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவரின் கவிதை நிரலின் கடைசியில் நிற்பது ஏன்? பெண் கவிஞர்க்கு மகளிர் சிறப்புக் கூட்டமும், தலித் கவிஞர்க்குத் தலித் இலக்கியக் கூட்டமும் மட்டுமே போதுமா? நாற்காலி அடுக்குவோரில் எத்தனை பேர் மலருக்குரிய படைப்பைத் தேரும் குழுவில் அமர்ந்துள்ளனர்? வட்டார வழக்கில் வந்த கவிதையைத் 'திருத்தி' வெளியிடும்போது திருத்தப்படுவது பிழையா, அவர் குரலா?

பத்தாண்டு நிறைவு பெருமைக்குரியது. எத்தனை கூட்டங்கள் நடந்தன என்ற கணக்கை வட்டத்தின் பதிவேடு சொல்லும். வர விரும்பியும் வராதோர் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இராது. பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்துக்கு நாள் குறிக்குமுன், அவர்களுள் சிலர் வீட்டு வாயிலுக்குச் சென்று, எந்த நேரம் இயலும் என்று கேட்டறிவது நன்று. வட்டத்துக்கு மையம் ஒன்றுதான். ஆரத்தை நீட்டினால் அன்றி அது விரிவதில்லை.