வரைபடத்தில் தமிழர் எங்கே?

(பெற்றோரும் இளையோரும் கூடிய அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப் பள்ளிக்கு இடம் கேட்டாலும், நகர நூலகத்தில் தமிழ் நூல்கள் கேட்டாலும், அதிகாரிகள் எழுப்பும் முதல் வினா ஒன்றே: “இப்பகுதியில் உங்கள் மக்கள் எத்தனை பேர்?” அதற்கு விடையாக வரைபடம் ஒன்றை நீட்ட முடிந்தால் பேச்சு எளிதாகும். உறுப்பினர் பட்டியலை எக்செல்லில் திறந்து, ஊர்ப்பெயர் நிரலைத் தெரிவுசெய்து, பொத்தானை அழுத்தினால் வரைபடம் வந்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். வரைபடம் வரும், அது மெய்யா என்பதே கேள்வி.

நியூ ஜெர்சியில் நூவர்க் என்றொரு பெருநகர் உண்டு. கலிபோர்னியாவில் பிரீமாண்ட் நகருக்கு நடுவேயும் ஒரு நூவர்க் உண்டு. மாநில நிரல் இல்லாத பட்டியலில், விரிகுடாப் பகுதிக் குடும்பங்கள் ஒரே நொடியில் கிழக்குக் கரைக்குக் குடிபெயர்ந்துவிடலாம்! மிடில்செக்ஸ் கவுண்டி நியூ ஜெர்சியில் மட்டுமன்றி மாசச்சூசெட்ஸ், கனெக்டிகட், வர்ஜீனியா மாநிலங்களிலும் இருக்கிறது.

பெயரை விடுத்து எண்ணை நம்பலாம் என்றால், அங்கும் ஒரு பள்ளம். எடிசன் நகரின் அஞ்சல் எண்களுள் ஒன்று 08820. அதனை எண்ணாகக் கருதும் கணினி முதற் சுழியத்தை நீக்கி 8820 ஆக்கிவிடும். நியூ ஜெர்சியின் அஞ்சல் எண்கள் யாவும் சுழியத்தில் தொடங்குவதால், ஒரு மாநிலமே வரைபடத்தில் வெறுமையாகும். அரசின் கவுண்டிக் குறியீடுகளுக்கும் இதே நிலைதான். சான்டா கிளாராவின் குறியீடு 06085. டெக்சாசில் பிளேனோ நகர் அமைந்துள்ள காலின் கவுண்டியின் குறியீடு 48085. மாநிலத்துக்குரிய முதல் இரண்டு இலக்கங்களை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே இந்நிரல்களைத் தொடக்கத்திலேயே எழுத்து வடிவாகக் குறித்துவைத்தல் வேண்டும்.

வண்ணமும் ஏமாற்றும். டெக்சாசின் புரூஸ்டர் கவுண்டி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பரப்பில் பெரியது. அங்கு வாழ்வோரோ பத்தாயிரத்துக்கும் குறைவு. வண்ணம் தீட்டினால் கண் அங்கே போகும். மக்கள் நெருங்கி வாழும் எடிசன் புள்ளியாய்ச் சுருங்கும். எண்ணிக்கையை வட்டங்களின் அளவாலும், ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்னும் விகிதத்தை வண்ணத்தாலும் காட்டுவதே முறை.

இனி, எண்கள் எங்கிருந்து வருகின்றன? சங்கப் பட்டியலில் சங்கத்தில் சேர்ந்தோர் மட்டுமே இருப்பர். நாடு முழுமைக்குமான மொழிக் கணக்கு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 35 இலட்சம் முகவரிகளுக்கு அனுப்பப்படும் அமெரிக்கச் சமூக ஆய்வில்தான் கிடைக்கிறது. 2010, 2020 ஆண்டுகளின் பெருங் கணக்கெடுப்புகளில் மொழி பற்றிய வினாவே இல்லை. இன வினாவிலோ, இந்தியத் தமிழர் ‘ஆசிய இந்தியர்’ என்றும், ஈழத்தமிழர் பெரும்பாலும் ‘இலங்கையர்’ என்றும் பிரிந்துவிடுகின்றனர். இவ்விரு சாராரும் ஒரே பெயரில் சேர்வது மொழிக்குரிய கட்டத்தில்தான்.

அக்கட்டத்திலும் தமிழ் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. சமூக ஆய்வின் விரிவான மொழி அட்டவணையில் தமிழ் ‘பிற ஆசிய மொழிகள்’ என்னும் தொகுப்புக்குள் அடங்கியிருந்தது. 2016ஆம் ஆண்டுத் தரவிலிருந்தே அதற்குத் தனி வரிசை வந்தது. சிறு நிலப்பகுதிகளுக்கான சுருக்க அட்டவணையில் இன்றும் அது பிற மொழிகளோடு கலந்தே வருகிறது. தனிக் கணக்கு வேண்டுவோர், குறைந்தது ஒரு இலட்சம் மக்களைக் கொண்ட பகுதிகளாகப் பகுக்கப்பட்ட தனியாள் பதிவுகளை நாட வேண்டும். இளையோருக்கு ஏற்ற பணி இது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த வினா, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழியைப் பேசுகின்றனரா எனத் தனித்தனியே கேட்கிறது. தாய்மொழி எது எனக் கேட்பதில்லை. ‘இந்தியன்’ என மொழியை எழுதும் வீடு தமிழ்க் கணக்கில் சேராது. பெற்றோர் தமிழிலும் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் மட்டுமே பேசும் வீட்டில், நால்வருள் இருவரே வரைபடத்தில் இருப்பர். பேசாத மொழியைப் பேசுவதாக எழுதுவது பொய்க் கணக்கு; அதற்கு மருந்து படிவத்தில் இல்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வீட்டு முகவரிகளைப் புள்ளிகளாக்கிப் பொதுவில் வெளியிடலாகாது. நம்மிடையே போரிலிருந்து தப்பி வந்து, தம் இருப்பிடம் வெளிப்படுவதை விரும்பாத குடும்பங்கள் உண்டு. பகிரும் கோப்பில் மாநிலம், கவுண்டி, எண்ணிக்கை ஆகிய மூன்று நிரல்கள் போதும். முகவரி நிரலை அனுப்புமுன் நீக்கிவிடுக.