அழைப்பவருக்கும் பொறுப்பு உண்டு



வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுவதன் ஆபத்தைப் பற்றி, இந்தச் சாலைப் பாதுகாப்பு மாத விழாவில் பேசப் பணித்திருக்கிறார்கள். வழக்கமாக இந்தப் பேச்சை ஓட்டுநரைப் பார்த்துப் பேசுவார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்துகொண்டு அந்த ஓட்டுநரை அழைக்கிறோமே, நம்மைப் பார்த்தும் பேச நான் வந்திருக்கிறேன்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு இது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது நம் தமிழ்நாடு. கல்வியில் முதலிடம் கேட்போம், மருத்துவத்தில் முதலிடம் கேட்போம், இதிலா முதலிடம்? வேகம், குடி, தூக்கம் என்று காரணங்கள் பல உண்டு. அவற்றுள் செல்போனும் ஒன்று. நாம் மனம் வைத்தால் இன்றைக்கே நிறுத்திவிடக்கூடிய காரணம் அது!

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போகும். வந்த செய்தியை ஐந்தே நொடி குனிந்து பார்த்தீர்கள் என்றால், 80 மீட்டருக்கும் மேல் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறீர்கள். அந்த 80 மீட்டருக்குள் பள்ளிக்கூட வாசல் இருக்கலாம். பால் வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்கும் பாட்டி இருக்கலாம். ஆள் ஏற்றுவதற்காக ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றிருக்கலாம்.

"நான் கையில் பிடிப்பதில்லை, ப்ளூடூத்தில்தான் பேசுகிறேன்" என்பார்கள் சிலர். கனடாவின் டொரான்டோ நகரில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் அழைப்புக் கணக்குகளை இரண்டு ஆய்வாளர்கள் அலசினார்கள். 1997இல் முடிவை வெளியிட்டார்கள். போன் பேசும் நேரத்தில் விபத்து அபாயம் நான்கு மடங்கு என்றது அந்த ஆய்வு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. காரணம் என்ன? கை ஓய்வாக இருந்தாலும் மனம் பேச்சில் இருக்கிறது. கண் திறந்திருந்தும் எதிரே வருவது மனத்தில் பதிவதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரும் பேசத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். அவருக்குச் சாலை தெரிகிறது. லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துகிறார். "பார்த்துப் போப்பா" என்கிறார். போனின் மறுமுனையில் இருக்கும் நமக்கு லாரியும் தெரியாது, பள்ளமும் தெரியாது. நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், அழைப்பவருக்கும் பொறுப்பு உண்டு!

சட்டம் தன் கடமையைச் செய்திருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவைத் திருத்தி, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தார்கள். முதல் முறைக்கே 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனாலும் என்ன காண்கிறோம்? தலையைக் காக்க வந்த ஹெல்மெட்டுக்குள்ளேயே போனைச் செருகிக்கொண்டு போகிறார்கள் நம் இளைஞர்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி, கழுத்தைச் சாய்த்தபடி மேம்பாலம் ஏறுகிறார்கள்.

அவர்களை அழைத்தது யார்? "எங்கே இருக்கே, இன்னும் வரலையா?" என்று கேட்கும் அம்மா. "எடுக்க மாட்டியா?" என்று பத்து முறை அடிக்கும் நண்பன். "லோடு எங்கே வருது?" என்று லாரி ஓட்டுநரை விரட்டும் முதலாளி. "சாப்பாடு எங்கே?" என்று டெலிவரி தம்பியை அவசரப்படுத்தும் நாம். மழையிலும் வெயிலிலும் நமக்காக ஓடுகிற பிள்ளை அவன். பத்து நிமிடம் தாமதித்தால் சோறு ஆறும், அவ்வளவுதான். அவன் விழுந்தால் ஒரு குடும்பமே விழும்!

எனவே மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன். ஒன்று, யாரை அழைத்தாலும் முதல் கேள்வி, "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?" ஆம் என்றால், மறுபேச்சு இல்லாமல் வைத்துவிடுங்கள். இரண்டு, முதலாளிமார்களே, வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத ஊழியரைக் கடிந்துகொள்ள மாட்டோம் என்று உங்கள் பணியிடத்தில் அறிவியுங்கள். மூன்று, ஓட்டுகிறவர்களே, கிளம்பும் முன் போனைச் சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வையுங்கள். எடுத்தே ஆகவேண்டிய அழைப்பு என்றால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பணமும் வேண்டாம். இந்த அரங்கை விட்டு வெளியே போனதும் நீங்கள் செய்யும் முதல் அழைப்பிலேயே அந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று இருகரம் கூப்பி வேண்டுகிறேன்.